இரண்டாம் டிக்காஷன்

எங்கள் வீட்டு ஃபில்டரைக் கெடுத்தது என் கணவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் நடந்த பேச்சில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எல்லாரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

ஃபில்டரின் ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தை அடுப்புத் தீயில் காட்டுவோம். உள்ளே சிக்கியிருக்கும் தூள் கருகி உதிர்ந்துவிடும். இரண்டு நிமிட வேலை. அன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்கு டியூட்டி. இவர் பாத்திரத்தைத் தீயில் வைத்துவிட்டு, ரெண்டு ஓவர் பார்த்துவிட்டு வரலாம் என்று கிரிக்கெட் பார்க்கப் போயிருக்கிறார். சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது அடித்தட்டு நெளிந்து, ஓரம் விட்டுப்போய், நீலமும் கறுப்புமாக ஜன்னல் ஓரத்தில் கிடந்தது.

"அதுக்கும் வயசாயிடுச்சு இல்ல" என்றார்.

என்ன பேச்சு இது! வயசானதெல்லாம் தானாகப் போய் அடுப்பில் ஏறிக்கொள்ளுமா?

எங்கள் வீட்டில் காபிதான். மாமனார் செங்கல்பட்டு ஸ்டேஷன் கேண்டீனில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, காபி போகவில்லை. அவர் இருந்த நாள் முதல் எங்கள் வீட்டுக்குள் டீத்தூள் பாக்கெட் நுழைந்ததே இல்லை. டீ என்றால் என் மாமியார், ஏதோ வேண்டாத சொந்தக்காரர் பெயரைக் கேட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆகவே ஃபில்டர் போன மறுநாளே, துணியில் வடிகட்டிய காபியைக் குடித்தபடி, வீட்டில் மாநாடு கூடிவிட்டது. இன்னொரு ஃபில்டரா, மெஷினா? மெஷின் என்றால் எந்த மெஷின்?

என் மகனுக்கு மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. எதை வாங்குவதானாலும் ஃபோனில் நாற்பது பேர் அபிப்பிராயத்தைப் படித்து முடித்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். தினமும் சாப்பிடும்போது ஒரு மெஷினின் படத்தைக் காட்டுவான். "ப்பா, இதுல பதினஞ்சு பார் பிரஷர் கீது." இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். வேன் இன்ஜினைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் பிரஷர், வாட்ஸ், வாரண்டி எல்லாம் விசாரிப்பார். இவர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் இரண்டு வைத்து ஓட்டுகிறார், அதனால் சுற்றுகிற, சூடாகிற எதுவானாலும் தனக்குத் தெரியும் என்று நினைப்பு. மாமியார், "பால் நுரையா நிக்குமா அதுல?" என்று நடுவில் ஒரு சந்தேகம் கேட்பார். மூன்று பேரும் பேசுவார்கள். நான் சாதம் போடுவேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் தெரியுமா? மாமல்லபுரம் போகிற வழியில் கடலைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பதினோரு வருடமாக. காலை ஆறே முக்காலுக்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றத்தில் பாதிக் கூட்டம் இறங்கும், அங்கேதான் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். அந்த ரிசார்ட்டில் ஒவ்வொரு அறையிலும் ஒரு காபி மெஷின் இருக்கிறது. அத்தனை மெஷினும் என் பொறுப்பு. எதற்கு எந்த ரப்பர் வளையம் சீக்கிரம் போகும், கடலோர உப்புத் தண்ணீரில் எத்தனை நாளில் உள்ளே வெள்ளையாகப் படியும், அதை எலுமிச்சை உப்பு போட்டு எப்படி எடுப்பது, எல்லாம் எனக்கு அத்துப்படி. மெஷின் ஜாடியில் முட்டை வேக வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைக்கு டை கலக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் நண்டு வேக வைத்துவிட்டு, மெஷினில் நாற்றம் வருகிறது என்று என்னிடமே புகார் கொடுத்தார்.

அப்பேர்ப்பட்ட என்னிடம் அந்த ஒன்றரை மாதத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் வாயைத் திறக்கவில்லை. எத்தனை நாள்தான் கேட்காமல் இருப்பார்கள், பார்த்துவிடலாம் என்ற வீம்பு. கடைசி வரை கேட்கவில்லை.

ஆனால் என் ஆத்திரம் மெஷினைப் பற்றியது மட்டும் அல்ல. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டில் காபி எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும்.

ஃபில்டரில் தூளைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் முதலில் இறங்குவது முதல் டிக்காஷன். கறுப்பாக, கெட்டியாக, மூடியைத் திறந்தால் வாசல் வரைக்கும் மணக்கும். அது மாமனார் இருந்தவரை அவருக்கு, பிறகு இவருக்கு, மாமியாருக்கு, மகன் வளர்ந்த பிறகு மகனுக்கு. திடீரென்று யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று அதிலேயே கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். பிறகு அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்ற வேண்டும். இறங்குவது இரண்டாம் டிக்காஷன். நிறம் இருக்கும், மணம் இருக்காது. பாலை ஊற்றினால் நிறமும் போய்விடும். அது எனக்கு. நான் அடுப்படியில் நின்றபடி ஒரு டம்ளர் குடித்துவிட்டு, பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்கு ஒரு டம்ளர் ஊற்றி மூடி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

இப்படி இருபத்தேழு வருடம். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் மாமியார் இந்த வரிசையைக் காட்டிக் கொடுத்தார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. குழம்புக்கு எவ்வளவு புளி என்று சொல்வது மாதிரி சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். என்னை யாரும் தடுக்கவில்லையே, நானே போடுகிற காபிதானே, முதல் டிக்காஷனை ஒரு நாள் எடுத்துக் குடித்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு இது உறைத்தது நான்கு வருடத்துக்கு முன்பு, ரிசார்ட்டில். புதிய மெஷின்கள் வந்திருந்தன. எப்படி ஓட்டுவது என்று காட்ட கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். மேனேஜர், ரிசப்ஷன் பெண்கள், தோட்டக்காரர், நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்றோம். சின்ன டப்பி ஒன்றை உள்ளே வைத்து, பொத்தானை அழுத்தி, ஆளுக்கு ஒரு பேப்பர் கப்பில் பிடித்துக் கொடுத்தார். மேனேஜருக்குக் கொடுத்த அதே காபி எனக்கும். ஒரு வாய் குடித்தேன். நாக்கில் அந்தக் கசப்பு ஏறி, தொண்டைக்குள் இறங்கி, அப்படியே நின்றது. 'அடேயப்பா, எங்கள் வீட்டுக் காபி இதுக்குக் கிட்டே வருமா!' என்று நினைத்தேன். அடுத்த நொடி எனக்கே சுருக்கென்றது. எங்கள் வீட்டுக் காபியை நான் குடித்ததே இல்லையே, எதை எதோடு ஒப்பிடுகிறேன்?

அந்த ஆளிடம் கேட்டேன், "சார், இதே டப்பில இன்னொரு தபா தண்ணி வுடலாமா?"

அவர் சிரித்தார். "வுட்டா கழனித்தண்ணி மாதிரி வரும்மா. அதை யாரு குடிப்பாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். நான் குடிக்கிறேன், தினமும் குடிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரும்வரை எனக்குக் காது சுட்டுக்கொண்டே இருந்தது.

ஆகவே வீட்டில் மெஷின் பேச்சு வந்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பிரஷரும் வேண்டாம், வாட்ஸும் வேண்டாம். என் வீட்டில், என் டம்ளரில், முதல் டிக்காஷன். அவ்வளவுதான். வாங்கினால் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றவே முடியாத மெஷினாகப் பார்த்து வாங்கச் செய்ய வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். என்ன கூத்து பாருங்கள், எனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்காமல் ஒரு மெஷினை விட்டுக் கேட்க வைக்கப் பார்த்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, என் வார விடுமுறை நாளில், மூன்று பேரும் செங்கல்பட்டிலேயே ஒரு பெரிய கடைக்குப் போனோம். இவர், மகன், நான். கடைப் பையன்களில் மூத்தவராகத் தெரிந்த ஒருவர் வந்து எதிரில் நின்றார். நின்றது என் கணவருக்கு எதிரில்.

"சார் ஸ்ட்ராங்கா குடிப்பீங்களா, மீடியமா?"

"ஸ்ட்ராங்குதான்பா. நாக்குல நிக்கணும்."

"தம்பிக்கு?"

"எனக்கும் ஸ்ட்ராங்" என்றான் மகன்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு மெஷினை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நானும் தயாராக நின்றேன். "மேடம், இத்தை கழுவுறது ரொம்ப ஈஸி. இப்டி உருவுனீங்கன்னா வந்துடும்" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. குடிக்கிறவர்களிடம் ருசி கேட்கிறார், என்னிடம் கழுவுவது பற்றிச் சொல்கிறார்! அந்த ஆளை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. மகன் அதற்குள் ஃபோனில் அந்த மெஷினுக்கு எத்தனை நட்சத்திரம் என்று தேடிக்கொண்டிருந்தான்.

நான் அந்த மெஷினை எடுத்தேன். மூடியைத் திறந்து தண்ணீர்த் தொட்டியைக் கழற்றினேன். வலையைத் தட்டிப் பார்த்தேன். "இந்த வலைக்கு சிக்கரி கலந்த தூள் ஆகாது, நாலு நாள்ல அடைச்சுக்கும். இந்த வளையம் ஆறு மாசம் தாங்காது. தனியா கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் விழித்தார். "விசாரிச்சுச் சொல்றேன் மேடம்." பக்கத்தில் கண்ணாடி ஜாடியோடு ஒரு சாதாரண மெஷின் இருந்தது, மேலே கூடையில் தூளைப் போட்டால் கீழே சொட்டுகிற வகை. வலை அகலமாக இருந்தது. அதைக் காட்டி, "இது பரவாயில்ல. தண்ணியைக் குறைச்சு வெச்சா நம்ம டிக்காஷன் மாதிரியே எறங்கும்" என்றேன். ஒரே தடவையில் ஐந்தாறு பேருக்கு இறங்கும் ஜாடி. இரண்டாம் தண்ணீருக்குத் தேவையே இருக்காது என்று கணக்குப் போட்டேன். மகன் முதல்முறையாக ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

இவரும் குனிந்து பார்த்தார். தலையாட்டினார். பிறகு கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி.

"ஏம்பா, ஒரு தபா போட்ட தூள்லயே இன்னொரு தபா தண்ணி வுட்டா எறங்குமா?"

"தாராளமா எறங்கும் சார்."

"அப்ப ரெண்டாம் டிக்காஷனும் ஆச்சு. இத்தையே போட்டுடு."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"ரெண்டாம் டிக்காஷன் யாருக்குங்க?"

"இன்னா கேள்வி இது? உனுக்குத்தான்."

"எனக்கு ஏன்?"

"உனுக்குத்தான் லைட்டா இருந்தா புடிக்குமே!"

அவர் கிண்டல் செய்யவில்லை. சமாளிக்கவும் இல்லை. நிஜமாகவே சொன்னார். என் மனைவிக்கு லேசான காபிதான் பிடிக்கும் என்று இருபத்தேழு வருடமாக அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். வந்தவர்களிடம் மாமியார், "அவளுக்கு லைட்டா இருந்தாத்தான் புடிக்கும்" என்று சொல்வதை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வெறும் பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அது வீட்டின் வரலாறாகவே ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியாது.

"யார் சொன்னது லைட்டா புடிக்கும்னு? நான் சொன்னேனா?"

"இன்னாடி கத்திகினு கீற, கடையில."

"இருபத்தேழு வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்கு எப்படி வேணும்னு கேட்டீங்களா?"

ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மகன், "ம்மா, வூட்ல போய் பேசிக்கலாம்மா" என்றான். வீட்டில் பேசுகிற வழக்கம் இருந்தால் கடையில் ஏன் பேசுகிறேன்?

கடைசியில் நான் காட்டிய மெஷினையே வாங்கினோம். பில் போடும் இடத்தில் நின்று நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "நம்ம வூட்ல இனிமே ஒரு தூளுக்கு ஒரு தண்ணிதான்." பில் போடுகிற பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து மாமியாரிடமும் கேட்டேன். விடுவேனா? அவர் மெஷின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நானும் அதான் குடிச்சேன். எங்க மாமியாருக்கு ஊத்திட்டு, உன் மாமனாருக்கு ஊத்திட்டு, மிச்சம்தான் எனுக்கு. நீ வந்த அப்பாலதான் எனுக்கு மொத டிக்காஷனே வந்துச்சு."

அதைக் கேட்டதும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் குறையவில்லை. தான் குடித்த கழனித்தண்ணீரின் ருசி தெரிந்தவர், அதை என் கையில் கொடுத்து, எனக்குப் பிடிக்கும் என்று வேறு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாரே! இதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் டிவியைப் போட்டார்.

மறுநாள் புதன்கிழமைக்கும் லீவு சொல்லிவிட்டேன், மெஷினை நானே முதலில் ஓட்ட வேண்டும் என்று. காலையில் நான்கு டம்ளர் ஒரே மாதிரி வரிசையாக வைத்தேன். ஜாடியில் இருந்து நான்கிலும் ஒரே அளவு. என் டம்ளரை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து குடித்தேன். நன்றாக இருந்தது. ரிசார்ட்டில் குடித்ததை விட நன்றாக இருந்தது. இவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, "ஜாடில இன்னொரு வாய் கீது இல்ல?" என்று கேட்டு மிச்சத்தையும் ஊற்றிக்கொண்டார். ஜாடி காலி.

ஒன்பது மணிக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறவள் வந்தாள். ஆறு வருடமாக வருகிறாள், என்னை விட நாலைந்து வயது சின்னவள். அவள் கொல்லைப் பக்கம் போனதும் நான் அடுப்படிக்குள் போய்த் தொட்டியில் தண்ணீரை ஊற்றி ஸ்விட்சைப் போட்டேன். பால் சூடு பண்ண வைத்தேன். மெஷின் சத்தம் கேட்டு இவர் எட்டிப் பார்த்தார். தூள் மாற்றாததையும் பார்த்தார்.

"ஒரு தூளுக்கு ஒரு தண்ணின்னியே. இது யாருக்கு?"

"அவளுக்குத்தான். அவளுக்கு லைட்டா இருந்தாத்தான் புடிக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

இவர் சிரித்திருந்தால் கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மெஷின் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் கடையில் நின்று கத்தியவளும் நான்தான், இந்த ஸ்விட்சைப் போட்டவளும் நான்தான். யார் மேல் இப்போது கத்துவது?

ஸ்விட்சை அணைத்தேன். ஜாடியில் இறங்கியதை சிங்க்கில் கொட்டினேன். கூடையைத் தட்டிவிட்டு, டப்பாவைத் திறந்து புதுத் தூள் போட்டேன். போட்டுக்கொண்டே கொல்லைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"ஏய், உனக்குக் காப்பி எப்படி வேணும்? ஸ்ட்ராங்காவா, லைட்டாவா?"

பாத்திரச் சத்தம் நின்றது. கையில் சாம்பலும் நாருமாக வாசற்படியில் வந்து நின்றாள்.

"இன்னாக்கா கேட்ட?"

மறுபடி கேட்டேன். அவள் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனுக்கு காப்பியே புடிக்காதுக்கா. குடிச்சா நெஞ்சு கரிக்கும். டீன்னா குடிப்பேன்."

"ஆறு வருசமா குடிச்சியே!"

"எங்க குடிச்சேன்? பாதி நாளு சாக்கடைல ஊத்திட்டு டம்ளரைக் கழுவி வெச்சுடுவேன். நான்தானே கழுவுறேன், யாருக்குத் தெரியப் போவுது?"

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீ குடுத்த, நான் வாங்கிகினேன். எப்பனா கேட்டியா இன்னா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மறுபடி பாத்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் ஸ்பூனும் கையுமாக நின்றேன். எனக்கு வந்த கோபத்தை வைக்க இடம் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் டீத்தூள் இல்லை. இவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினார். கேட்டைத் திறந்தவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"எந்த டீத்தூள் வாங்கினு வர்றது?"

"என்னை எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன். "அவளைக் கேளுங்க."